வாசலுக்கு வந்த தட்டு

சோலூரில் என் கடைக்குப் பின்னால் உள்ள சரிவில் லட்சுமி அக்காவும் நானும் கூட்டாக மரவள்ளி போட நினைத்தோம். அக்கா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். தை பிறந்தும் அவர் நட விடவில்லை. தினமும் சாயங்காலம் வயலில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தார்.

"ஏழு நாளு தொடர்ந்து தண்ணி உறையக் கூடாதுண்ணே. அப்புறம்தான் குச்சி ஊனணும்."

கீழே சமவெளியிலிருந்து நான் கொண்டுவந்த மரவள்ளிக் குச்சிகளோ காய்ந்துகொண்டிருந்தன. ஐந்து நாள் தண்ணீர் உறையவில்லை. ஆறாம் நாள் விடியலில் தட்டில் பனி ஏடு கட்டியிருந்தது. அக்கா வருவதற்குள் அதை எடுத்து எறிந்துவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றினேன். ஏழாம் நாளும் அதையே செய்தேன். அவர் லீவு போட்டு வந்து என்னோடு நட்டார்.

துளிர்கள் விரல் நீளம் வளர்ந்திருந்த ஒரு காலையில் கதவைத் திறந்தேன். குருவிச் சத்தம்கூட இல்லை. வயல் முழுக்க உறைபனி வெள்ளை. வெயில் ஏற ஏற, துளிர்கள் வரிசை வரிசையாகக் கறுத்துத் தலை சாய்ந்தன.

கதவைத் திறந்ததுமே பார்த்திருந்தேன், வயலில் கிடந்த அந்தத் தட்டு என் வாசற்படியில் இருந்தது. விளிம்புவரை உறைந்த தண்ணீர். சுற்றிலும் பனியில் ஒரு காலடிகூட இல்லை.

சற்று நேரத்தில் அக்கா வந்தார்.

"ஏனுங்கக்கா, தட்ட நீங்க வெச்சீங்களா?"

"எந்தத் தட்டுண்ணே?" என்றார், வயலையே பார்த்தபடி.

மேற்கொண்டு கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்டால் நான் பனி ஏட்டை எடுத்து எறிந்ததையும் சொல்ல வேண்டும். இப்போதும் தையில் வயலில் தட்டு வைக்கிறோம். காலையில் அவர் பார்த்துவிட்டு வரும்வரை நான் கதவைத் திறப்பதில்லை.