சேறு பூசிய குண்டுகள்

துடைத்துப் பளபளவென்று அடுக்கி வைத்த பன்னிரண்டு பீரங்கிக் குண்டுகளின் மேல் ஒரு பெரியவர் சேற்றைப் பூசிக்கொண்டிருக்கிறார். வாளியில் கையை விட்டு அள்ளி, முனையிலிருந்து அடிவரை தடவுகிறார். பயம் வேண்டாம், உள்ளே வெடிமருந்து இல்லை, மணல்தான். எடை மட்டும் அசல், நாற்பத்தைந்து கிலோ. துடைத்து வைத்தவர்களுக்கு வயிறு எரிகிறது. "என்ன, கல்யாணத்துக்கா கெளம்புது? இப்படி மினுக்கி வச்சிருக்கீங்க" என்கிறார் இவர்.

பட்டறையில் இவருக்குச் 'சேத்து மாமா' என்றே பெயர். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் பீரங்கி வண்டிக்குள் குண்டு ஏற்றியவர். வண்டி தானே ஓடும், பீரங்கி தானே திரும்பும். குண்டை மட்டும் ஓர் ஆள் குனிந்து தூக்கிக் குழாயில் தள்ள வேண்டும். தள்ளித் தள்ளியே இடுப்பு போய்விட்டது. இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அதனிடம் அனுமதி கேட்பவர் போலச் சற்று நின்றுதான் உட்காருவார்.

அந்த ஆளுக்குப் பதிலாகக் குண்டைத் தூக்கும் இயந்திரக் கையைத்தான் இங்கே செய்கிறார்கள். சோதனைத் தாளில் நான்கு கையெழுத்து வேண்டும்; கடைசிக் கையெழுத்து இவருடையது. போன மாதம் அந்தக் கை நூறு குண்டுகளை நழுவாமல் ஏற்றியது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். இவர் பேனாவை மூடிவிட்டார். நூறையும் துணியால் துடைத்தல்லவா கொடுத்தீர்கள், கொட்டுகிற மழையில் எவன் துணியோடு நிற்பான் என்று கேட்டார். அன்றுதான் முதல் சேற்று வாளி வந்தது. இரண்டாவது குண்டே நழுவித் தரையில் உருண்டது.

தலைமைப் பொறியாளர் அம்மாவுக்கும் இவருக்கும் ஒரே வயது. வாயும் சரிக்குச் சரி. மூன்று வருட உழைப்பைக் கெடுத்தாரே, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன் என்று பட்டறை முழுக்கச் சொல்லித் தீர்த்தார். நான்கு நாள் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் தானாகவே வந்து, எந்தச் சேறு அதிகம் வழுக்கும் என்று கேட்டார். எண்ணெய் கலந்ததுதான் மோசம் என்றார் இவர். அதன் பிறகு இயந்திர விரல்களுக்கு வரிவரியாக வெட்டிய ரப்பர் உறை வந்தது.

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. இவர் மகளும் பீரங்கிப் படையில்தான். அப்பா பார்த்த அதே வேலை. போன விடுப்பில் பையை எடுக்கக் குனிந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை இவர் பார்த்துவிட்டார். "என் இடுப்பு போனது போகட்டும்மா. அவளோடதாவது நல்லா இருக்கணும்" என்று பொறியாளர் அம்மாவிடம் சொன்னார். இன்று இயந்திரக் கை தேறினால் முதலில் மகளின் பிரிவு வண்டிகளில்தான் இதைப் பொருத்துவார்கள். தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அவள்தான் தூக்க வேண்டும்.

அவள் பிரிவு சோதனையைப் பார்க்க வந்திருக்கிறது. பாதுகாப்புக்காகத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் அப்பாவும் மகளும் நிற்கிறார்கள். பீரங்கிக் குழாய் வானத்தைப் பார்க்க நிமிர்கிறது. பதினொரு குண்டுகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிவிட்டன. பன்னிரண்டாவதில் எண்ணெய்ச் சேறு சொட்டுகிறது. இயந்திரக் கை அதைத் தூக்கி, பாதி வழியில் தயங்கி, பிடியை இறுக்குகிறது. மகள் தன்னையறியாமல் குனிந்து, ஏந்துவதற்கு இரண்டு கைகளையும் நீட்டிவிட்டாள்.

இவர் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நீ விடும்மா. அது பாத்துக்கும்."

டங்கென்று குண்டு குழாய்க்குள் போய் உட்கார்ந்தது. பொறியாளர் அம்மா தாளையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். மகளின் கைகளை இவர் இன்னும் விடவில்லை.