யூகிக்க முடியாத எண்கள்

புடவைக்கு மேல் ஆண்சட்டை போட்டிருந்த அந்த அம்மாவை, குத்தாலம் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பார்த்தேன். தன் ஈரநெல் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, நெல் புழுங்கிவிட்டதா என்று சூடு பார்ப்பதும், வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விவசாயிகளின் பெயரும் எடையும் பதிவாகும் டேட்டாபேஸுக்கான இணைப்பு அறுந்து அறுந்து போனதால் காலையிலிருந்து யார் பெயரும் பதிவாகவில்லை, எடையும் போடவில்லை. அதைச் சரிசெய்யப் போனவன் நான்.

“என்னதான் தம்பி கோளாறு?”

“ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ரகசியச் சாவி வேணும்மா. அதுக்கு யாராலயும் யூகிக்க முடியாத எண்கள் வேணும். சர்வர்ல அது தீர்ந்துபோச்சு. புதுசா சேர்றதுக்குள்ள இணைப்பு அறுந்துடுது.”

“யூகிக்க முடியாததுக்கா பஞ்சம்?” பதர் ஒட்டிய கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஆத்துல எப்ப தண்ணி வரும், எப்ப மழை கொட்டும், நீங்க எப்ப எடை போடுவீங்க, ஏதாவது தெரியுதா எங்களுக்கு? இங்கேருந்து அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க.”

அந்த எண்களை வேகமாகத் திரட்டும் புரோகிராமை சர்வரில் போட்டேன். அதன்பின் இணைப்பு அறுபடவில்லை. எடை தொடங்கியது. ஆனால் அவருக்கு முன்னால் இன்னும் பல குவியல்கள் இருந்தன.

நான் கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அதற்குமுன் அவர் முறை வந்திருக்குமா? இன்றுவரை என்னால் யூகிக்க முடியவில்லை.