ஒற்றைத் தட்டு

“பஸ்ஸை நம்பியா படிக்க வந்திருக்கே? கார் இல்லாம டெக்சாஸ்ல ஒரு செமஸ்டர்கூட ஓட்ட முடியாதும்மா” என்றார் வீட்டுக்கார ஆன்ட்டி. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பஸ்ஸிலேயே மூன்று செமஸ்டர் ஓட்டிவிட்டேன்.

அதே பஸ்ஸில் வருவார் ஒரு தமிழ் அம்மா. ஓர் உணவகத்தில் தோசை வார்ப்பவர். நூல் சேலை, மேலே ஆண்கள் ஜாக்கெட், காலில் ஷூ. இறங்கியதும் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, “போலாம், ரைட்!” என்பார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தத் தட்டுக்காகக் காத்திருப்பார்.

போன வாரம் பஸ்ஸில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அடுத்த மாதம் முதல் இந்த பஸ் கிடையாது. அதற்குப் பதில் நகரசபை விடும் வேனைப் போனில் கூப்பிட வேண்டும்.

“கூப்ட்டா உடனே வருமா கண்ணு?”

“சொல்ல முடியாதும்மா.”

“லேட்டாப் போனா ஓனர் வேற ஆளப் போட்டுருவாரு.” வெளியே, தாரில் பாதி புதைந்த தண்டவாளத்தைப் பார்த்தார். “முன்னாடி டிராம் ஓடுச்சுன்னு நீதான சொன்னே? அத எடுத்துட்டு பஸ் விட்டாங்க. இப்ப பஸ்ஸ எடுக்கறாங்க. அடுத்து நம்மளயா?”

அன்று இறங்கியவர் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். நம் ஊர் பஸ்ஸில் இரண்டு தட்டு என்றால் கிளம்பு. ஒன்று என்றால் நிறுத்து. ‘ரைட்’ சொல்லாமலே நடந்துவிட்டார். டிரைவர் கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தார்.

நிறுத்தத்தான் சொன்னாரா, இன்னொரு தட்டுக்குத் தெம்பில்லையா, எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸை எடுக்கக் கூடாதென்று நகரசபைக் கூட்டத்தில் பேச அன்றே பெயர் கொடுத்துவிட்டேன்.