வாதியை எழுப்பிய பிரதிவாதி

பழைய கட்டடம் எதைக் கண்டாலும் அது எந்த ஆண்டில் எழுந்தது என்று விசாரிப்பது என் வழக்கம். அப்படித்தான் செங்கல்பட்டு கோர்ட்டுக்கும் போனேன். ஆளுக்கொரு ஆண்டு சொன்னார்கள். நான் போன ஆண்டே இப்போது எழுபத்து நான்கா ஐந்தா என்று நிச்சயமில்லை; கோடை விடுமுறைக்குக் கோர்ட் மூடுவதற்கு முந்தைய வாரம் என்பது மட்டும் உறுதி.

வெயிலுக்கு அது நல்ல இடம். கனத்த சுவர், உயர்ந்த கூரை, நீண்ட தாழ்வாரம். வழக்கு இல்லாதவர்களே அதிகம் இருந்தார்கள்: ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ரயிலுக்கு நேரம் இருந்தவர்கள், நான். என்ன வேலையாக வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காத அரசாங்கக் கட்டடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்து வழக்கு. கரையில் கட்டுமரம் ஏற்றி வைக்கிற ஒரு துண்டு மணல் யாருக்கு என்று மாப்பிள்ளை மச்சான்மேல் போட்டது. மாப்பிள்ளை வாதி, அவன் மனைவியின் அண்ணன் பிரதிவாதி. ஏற்கெனவே இரண்டு வாய்தாவுக்கு வாதி வரவில்லை. இன்றும் கூண்டேறாவிட்டால் வழக்கு தள்ளுபடி, மணல் போனது போனதுதான் என்று அவன் வக்கீல் எனக்கு முன்னால் புலம்பிக்கொண்டிருந்தார்.

டவாலி வாசலில் நின்று வாதியின் பேரைக் கூவினார். பதில் இல்லை. மறுபடி கூவினார். இல்லை. மூன்றாவது கூவலுக்கு முன் பிரதிவாதி எழுந்துவிட்டார்.

"கீறான் எசமான்! பின்னால தாவாரத்துல தூங்கினு கீறான். இட்டாரட்டா?"

அவருடைய வக்கீல் துண்டைப் பிடித்து இழுத்தார். "உட்காருய்யா! இன்னும் ஒரு தரம் கூப்பிட்டா கேஸ் உன் பக்கம்."

"அதெப்டி சார்? எங்க குப்பத்துல ஆளு இல்லாம பஞ்சாயத்து பேச மாட்டாங்க. வரலன்னா எதிராளியத்தான் இட்டார அனுப்புவாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அவன் வரலேன்னா லாபம் உனக்குத்தானேய்யா?"

"லாபந்தான் எசமான். ஆனா அவன் பொஞ்சாதி என் தங்கச்சி. தூங்கறவன வுட்டுட்டு ஜெயிச்சினு போனா, அவ வாய்க்கு யாரு வாய்தா குடுப்பாங்க?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு, "போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

இரவெல்லாம் கடலில் இருந்த மாப்பிள்ளை, முதுகில் கை வைத்து மச்சான் தள்ளிக்கொண்டு வர, கன்னத்தில் தரைக்கல்லின் தடத்தோடு கூண்டேறினான். ஏறியதும் தூக்கம் போய்விட்டது. மச்சானின் பேராசையைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் நல்ல காரம். மச்சான் பொறுமையாகக் கேட்டார். ஒரே இடத்தில் "அது மட்டும் பொய்யி" என்று எழுந்து டவாலியிடம் அதட்டு வாங்கினார்.

வழக்கு தப்பியது. விடுமுறைக்குப் பின் ஒரு தேதி கொடுத்தார்கள். வெளியே குழாயடியில் மாப்பிள்ளை முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீ எழுப்பலன்னா மண்ணு உன்னுது மச்சான்."

"தெரியும்டா. அடுத்த வாய்தாவுக்காச்சும் முழிச்சினு வா. தூங்கறவனாண்ட என்னா சண்ட போடறது?"