அன்று காலை அந்தக் காருக்குச் சக்கரம் இல்லை

செய்தி ஒரே வாக்கியமாக வந்தது. யோகநாதன் கொண்டுவர வேண்டிய வரைபடத்துக்காக சைட் ஆபீசில் காத்திருந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து சுப்பையா அண்ணன் அழைத்தார். நிர்வாகப் பிரிவில் இருப்பவர், திருநெல்வேலிக்காரர். “யோகன் போயிட்டாம்ப்பா. வண்டியில வரும்போது.” அவ்வளவு சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வண்டி. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு கணம் எனக்கும் யோகன் பந்தயத்துக்காகச் செய்துகொண்டிருந்த அந்தக் கார்தான் மனதில் வந்தது. அடுத்த கணம் முற்றம் நினைவுக்கு வந்தது. நானும் யோகனும் துபாய்க்குப் பக்கத்தில் முவைலாவில் ஒரே வில்லாவில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தவர்கள். காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்த்திருந்தேன். கார் நான்கு தாங்கிகளின் மேல் நின்றது. கழற்றிய சக்கரங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. சக்கரம் இல்லாத கார் ஒருவரை எங்கே கொண்டுபோய்க் கொல்லும்?

அவரைக் கொன்றது கம்பெனி பஸ். நான் முதல் நடையில் போய்விட்டேன். அவர் இரண்டாம் நடையில் ஏறினார். நெடுஞ்சாலையில் தேய்ந்த டயர் வெடித்தது. பஸ் புரண்டது. உள்ளே இருந்தவர்களைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. மற்றவர்கள் காயங்களோடு பிழைத்தார்கள். யோகன் ஜன்னல் வழியாக வெளியே வீசப்பட்டார்.

இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். இரங்கல் கூட்டத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் நல்லவர்கள். வேலை முடிந்து, சட்டை மாற்றாமல், மூன்று பஸ் மாறி வந்தவர்களும் உங்களில் உண்டு. ஆனால் மேடையில் பேசியவர் என்ன சொன்னார்? “வேகத்தை நேசித்த நண்பரை வேகமே அழைத்துக்கொண்டது. இளைஞர்களுக்கு இது ஒரு பாடம்.” நீங்கள் தலையசைத்தீர்கள். பின்வரிசையில் ஒருவர், “ஏசி கூட இல்லாம ஒரு கார் ஓட்டுனா வேற என்ன நடக்கும்” என்றார். பிறகு அந்தப் பேச்சாளரே, கொழும்பிலிருந்து யோகனின் மனைவி தொலைபேசியில் சொன்னதாக ஒன்றை வாசித்தார். “அந்தக் கார் வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்.”

அங்கேதான் எனக்கு உடம்பு எரிந்தது. வதனி அக்காவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். தன் கணவன் ஒரு பொம்மைக்காகச் செத்தான் என்று. யார் அவருக்கு அப்படிச் சொன்னது?

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தக் கார் என்ன என்று சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். கேட்டதில்லை.

பின்பக்கம் இடிபட்ட, இரண்டு கதவு கொண்ட ஜப்பான் கார். அதைப் பந்தயப் பாதையில் மட்டும் ஓட்டுவதற்காக வாங்கினார். வந்த முதல் வெள்ளிக்கிழமையே உரிக்கத் தொடங்கினார். பின் இருக்கை, கம்பளம், கதவின் உட்புறப் பலகை, ரேடியோ, கடைசியில் ஏசி. எங்கள் கம்பெனியில் அவர் வேலை, கட்டடங்களுக்குள் ஏசிக் காற்று போகும் தகரக் குழாய்களை வரைவது. வில்லாவில் இருந்தவர்கள் சுற்றி நின்று கேலி செய்தார்கள். “ஏன்யா, ஊருக்கெல்லாம் ஏசி வரையிற, உனக்கு வேணாமா?” அவர் நெற்றி வியர்வையை வழித்துச் சுண்டினார். “ஊருக்குக் குளிர் குடுத்துக் குடுத்து எனக்குத் தடிமன் பிடிச்சுப்போச்சு. இதுக்குள்ள எண்டாலும் கொஞ்சம் வேர்க்கட்டும்.”

கழற்றிய ஒவ்வொன்றையும் குளியலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பார். ஒரு நாள் நான் தராசில் ஏறினேன். “ஐசே, இறங்கும். முதல்ல உம்மட வண்டியைக் குறையும்” என்றார். எனக்குப் புரியவில்லை. என் வயிற்றைத் தட்டிக் காட்டினார். “எங்கட ஊரில வண்டி எண்டால் இதுதான். நீங்கள் இந்தியன் ஆக்கள் என்னெண்டால் சைக்கிளும் வண்டி, பஸ்சும் வண்டி, லொறியும் வண்டி. காலையில எழும்பினால் ‘வண்டி வந்தாச்சு, வண்டி வந்தாச்சு’ எண்டு கத்துறியள். ஆரின்ர தொப்பை வந்தது எண்டு நான் எட்டிப் பாக்கிறன்.” வில்லாவே சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் காருக்குப் பெயர் ‘யோகன் வண்டி’. அவருக்கும் அது பிடித்துவிட்டது. வதனி அக்காவோடு தொலைபேசியில் பேசும்போதும் அந்தச் சொல்தான். “இண்டைக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சனான்.” எங்களுக்கு ஓடுவதெல்லாம் வண்டி. கொழும்பில் அவர் வீட்டில் வண்டி என்றால் அந்த ஒரு கார்.

இந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கே வருகிறேன்.

அவர் அடக்கமானவர் அல்ல. தற்பெருமை நிறைய. புதிதாக ஒரு போல்ட் முடுக்கினாலும் எங்களை அழைத்துக் காட்டுவார், காட்டும்வரை சோறு இறங்காது. ஆனால் எதை முதலில் செய்தார், எதைக் கடைசியில் செய்தார் என்று பாருங்கள். முதலில் பிரேக். பிறகு இரும்புக் குழாய்க் கூண்டு. கார் புரண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதற்காக, இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வெல்டிங் செய்து உள்ளே பொருத்தினார். பிறகு ஒரே ஒரு இருக்கை. இரு தோள், இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் பெல்ட். அதைக் கட்டிக்கொண்டு என்னை அழைத்தார். “இழும். பலம் எல்லாத்தையும் போட்டு இழும்.” இழுத்தேன். கார் அசைந்தது, அவர் அசையவில்லை. “இப்ப டர்போ போடலாம்” என்றார்.

டர்போ என்றால் என்ன என்று கேட்டதற்குத் தன் தொழிலின் மொழியில்தான் சொன்னார். “எஞ்சின் விடுற புகை சும்மாதானே வெளியில போகுது? அதை வைச்சு ஒரு சின்னச் சக்கரம் சுத்துறம். அந்தச் சுத்தில இன்னொரு சக்கரம் சுத்தி வெளிக்காத்தை அமத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுது. கூடக் காத்து, கூடப் பெற்றோல், கூடப் பலம். ஒஃபிசிலயும் காத்துத்தான் அனுப்புறன். இஞ்ச அனுப்பினால் விசில் அடிக்குது. அங்க அனுப்பினால் மனேஜர் கத்துறார்.”

இவரைத்தான் நீங்கள் வேகப் பைத்தியம் என்கிறீர்கள். எங்கள் சாலைகளில் அந்தக் கார் ஒரு தடவைகூட ஓடியதில்லை. ஓட்ட அனுமதியும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ரெக்கவரி லாரியில் ஏற்றி, துபாய்க்கு வெளியே இருந்த பந்தயப் பாதைக்குக் கொண்டுபோவார். ஒருமுறை நானும் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சில சுற்றுகள்தான். எண்ணெய் கொதிக்கிறது என்று தானாகவே உள்ளே வந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றினார். முகம் வெந்து சிவந்திருந்தது. ஜெயித்தீர்களா என்று கேட்டேன். போட்டியே இல்லை என்றார். பிறகு ஏன்?

“எல்லாரும் ஒரே பக்கம் போகினம் ஐசே. ஒருத்தரும் குறுக்க வரேல்ல. ஒருத்தரும் மறிக்கேல்ல.”

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

“எங்கட ரோட்டில ஒவ்வொரு சந்தியிலயும் இறங்கோணும். அடையாள அட்டையைக் காட்டோணும். நடந்து போய்த் திரும்ப ஏறோணும். நான் மோட்டார் சைக்கிளை மூண்டாம் கியருக்கு மேல போட்டதே இல்ல. அதுக்கிடையில அடுத்த ஆமிச் சென்றி வந்திடும்.”

அவ்வளவுதான் சொன்னார்.  மறிக்கப்படாத ஒரு சாலை. பாலைவனத்தில், வட்டமாக, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சாலை. அதற்காகத்தான் ஒரு மனிதர் தன் வெள்ளிக்கிழமைகள் முழுவதையும் கொடுத்தார். இதில் இளைஞர்களுக்கு என்ன பாடம் இருக்கிறது, மேடையில் பேசியவரே?

பாடம் வேண்டுமானால் பஸ்ஸில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் பஸ்ஸில் ஏறும்போது யோகன் ஓட்டுநரிடம் கேட்பார். “பாய், பெல்ட்?” ஓட்டுநர் பெஷாவர்க்காரர். சிரித்துக்கொண்டே கையை விரிப்பார். “பெல்ட் மாஃபி, சாப்.” இல்லை என்பதற்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்த அரபுச் சொல். பஸ் முழுக்கச் சிரிக்கும். “யோகன், இது ரேஸ் காரில்லப்பா, உக்காரு.” அவரும் விடமாட்டார். “அதுதான் ஐசே பயமாக்கிடக்கு.”

வேடிக்கையாக மட்டும் கேட்கவில்லை. மேனேஜரிடமும் போய்ச் சொன்னார். இருக்கைகள் தரையில் ஆடுகின்றன, டயர் மொட்டையாகிவிட்டது, பெல்ட் வேண்டும் என்று. நான் அருகில் இருந்தேன். மேனேஜர் நிமிராமல் சொன்னார்: “ரேஸ் ஓட்டுகிறவனுக்கு பஸ்ஸில் போகப் பயமா?” யோகன் எப்போதும் பதில் வைத்திருப்பவர். அன்று மட்டும் பதிலை வெளியே கொண்டுவந்தார். வந்து என்னிடம் சொன்னார்: “ரேஸ் ஓட்டுறவனுக்குத்தான் ஐசே தெரியும், என்னத்துக்குப் பயப்பிடோணும் எண்டு.”

கூட்டம் முடிந்ததும் சுப்பையா அண்ணனைத் தேடிப் போனேன். வதனி அக்காவுக்குச் செய்தி சொன்னது அவர்தான். தலைமை அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர் வேறு யார்?

“என்னண்ணே சொன்னீங்க அவங்ககிட்ட?”

“உங்கிட்ட சொன்னதுதாம்ப்பா. வண்டியில வரும்போது ஆக்சிடெண்ட்னு. வேற எப்படிச் சொல்லுவேன்?”

“அவங்களுக்கு வண்டின்னா அந்தக் கார்ண்ணே.”

அவர் முகம் மாறியது. “அது எனக்கு அப்புறந்தாம்ப்பா தெரிஞ்சது. அந்தம்மா ‘அந்தக் கார் வேண்டாம்னு சொன்னேனே’ன்னு அழுதப்பதான் உறைச்சது. நான் வாயெடுக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. திருப்பி போன் போடுறேன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். ‘கலாஸ், முடிஞ்சுது, விடு, அப்படியே இருக்கட்டும்’னுட்டார்.” கண்ணைத் துடைத்தார். “நான் பொய் சொல்லலப்பா.”

சுப்பையா அண்ணன் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள். அது யார் தவறும் இல்லை. ஆனால் அப்படியே இருக்கட்டும் என்று ஒருவர் முடிவு செய்தாரே, அதற்கு ஒரே பொருள்தான். பஸ் தப்பித்தது. டயர் தப்பித்தது. குற்றம் முழுவதும், சக்கரம்கூட இல்லாமல் முற்றத்தில் நின்ற ஒரு காரின் மேலும், வாய் திறக்க முடியாத அதன் சொந்தக்காரர் மேலும் ஏற்றப்பட்டது. மேடை ஏறி நாமும் அதை வழிமொழிந்தோம்.

மறுநாள் போன் கார்டு வாங்கிக் கொழும்புக்கு அழைத்தேன். யார் பேசுவது என்று சொன்னேன். பஸ் என்றேன். கம்பெனி பஸ் என்றேன். டயர், ஜன்னல், எல்லாவற்றையும் சொன்னேன். வதனி அக்கா ஒன்றைத்தான் கேட்டார்.

“அப்ப கார்?”

“முற்றத்துல நிக்குதுக்கா. ஒரு கீறல் இல்ல. அன்னைக்குச் சக்கரத்தைக் கழட்டி வச்சிருந்தார்.”

“வெள்ளிக்கிழமையில மட்டும்தான், அதுவும் ரோட்டில இல்ல எண்டு என்னட்டச் சொன்னவர்.”

“ஆமாக்கா. அப்படித்தான்.”

“நான் அவற்ர படத்துக்கு முன்னால நிண்டு திட்டிப்போட்டன், தம்பி.” “பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன். உன்ர அப்பாக்கு எங்களை விட அந்தக் கார்தான் பெரிசு எண்டு.”

கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் குறுக்கிட்டது.

“பிள்ளைக்குச் சொல்லுங்கக்கா. உங்கப்பா பெல்ட் கேட்டார்னு சொல்லுங்க. தினமும் கேட்டார்.”

“ஓம். ஓம். இப்பவே சொல்...” இணைப்பு அறுந்தது.

அந்தக் காரை என்ன செய்வது என்று வில்லாவில் கேட்கிறார்கள். அபசகுனம், ஸ்கிராப்பில் போடலாம் என்கிறார்கள். அக்கா சொல்லும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே தூசி படிந்தால் துடைக்கிறேன். அது என்னுடையது அல்ல. அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது வேறு.

இப்போது வேறு பஸ் வருகிறது. அதே பெஷாவர்க்காரர், கையில் கட்டோடு. காலையில் ஏறும்போது படியில் நின்று கேட்கிறேன்.

“பாய், பெல்ட்?”

யாரும் சிரிப்பதில்லை. ஓட்டுநர் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்க்கிறார். எனக்குப் பின்னால் ஏறுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். நான் இன்னொரு முறை, இன்னும் சத்தமாகக் கேட்கிறேன்.