அக்காவின் இசையில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் என்றால் போனவர்களை வானளாவப் புகழ்வது வழக்கம். அக்காவுக்கு அது அறவே பிடிக்காது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருச்செந்தூர் பக்கம். அப்பா தவறியதும் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு முதலிபாளையம் வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து, பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பும் வேலை. ஞாயிறுதோறும் ஆலயத்துப் பழைய பியானோவை வாசித்தார். போதகரின் மனைவி ஐயரம்மா கொஞ்சம் சொல்லித் தந்தார். மீதியை அக்காவே தட்டித் தட்டிப் பிடித்தார்.

அக்காவுக்கு நோய் வந்து முற்றிய பிறகு சொந்தமாக ஓர் இசை அமைத்தார். பியானோ மட்டும், ஒன்பது நிமிடம், பாட்டு வரி கிடையாது. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றியது. கேட்டவர்கள் எல்லாரும் அருமை என்றார்கள். கோவையில் ஒரு பியானோ ஆசிரியருக்குப் பதிவை அனுப்பினோம். பதிலுக்குக் கைபேசியில் கைகூப்பும் படம் ஒன்று வந்தது. நானோ முழுக்கக் கேட்குமுன்பே "சூப்பர்" என்று சொல்லிவிடுவேன்.

"சீக்காளின்னு எல்லாரும் பொய் சொல்லுதிய. சாவுறதுக்குள்ள இது சரியா இருக்கான்னு ஒருத்தராவது சொல்லுங்களேன்!" என்று அழுதார். அக்கா வாழ்நாளில் அழுதது அந்த ஒரு நாள்தான்.

மறு ஞாயிறு செக்கிங் மேசைத் தோழிகள் ஐந்து பேரை ஆலயத்துக்கு வரவழைத்தார்.

"பியானோவப் பத்தி எங்களுக்கென்ன கண்ணு தெரியும்?" என்றார், அவர்களில் மூத்தவரான பெருமாநல்லூர் சாந்தாமணியம்மா.

"துணி பாக்க மாதிரி கேளுங்க. உறுத்துற எடத்துல அம்பு ஒட்டுங்க."

கட்டிங் பிரிவிலிருந்து வாங்கி வந்த நீளக் காகிதத்தை பெஞ்சுகளின்மேல் விரித்தோம். அக்கா வாசிக்க வாசிக்க நான் அதன்மேல் விரலை மெல்ல நகர்த்த வேண்டும். உறுத்தினால் என் விரல் இருக்கும் இடத்தில் அவர்கள் ஒட்ட வேண்டும். முதல் அம்பு நான் தும்மிய இடத்தில் விழுந்தது. நியாயம்தான், அந்தப் பழுது என்னுடையது. அப்புறம் ஏழாம் நிமிடம் வரை ஒன்றுமில்லை. ஏழாம் நிமிடத்தில் ஐந்து கைகளும் ஒன்றாக நீண்டன.

"இங்க தையல் உட்டுப் போச்சு கண்ணு. எதுக்கோ பயந்துட்டு ஓடற மாதர இருக்குது," என்றார் சாந்தாமணியம்மா.

அக்கா கட்டைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அம்மா மூச்சு நின்ன எடம். என்னால அங்க நிக்க முடியல. வேகமா வாசிச்சு மூடிட்டேன்," என்றார்.

பியானோவைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள், பெற்ற தாயின் சாவு அந்த இசையில் எங்கே ஒளிந்திருந்தது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார்கள். நானும் அந்த அம்மாவின் பிள்ளைதான். எனக்குக் கேட்கவில்லை.

மூன்று வாரம் அக்கா அந்த ஓர் இடத்தையே திருத்தினார். மறுபடி ஐவரும் வந்தார்கள். ஏழாம் நிமிடத்தில் அக்கா ஒரே கட்டையை அழுத்தி, அந்த ஓசை தானாக அடங்கும்வரை காத்திருந்தார். ஒரு கையும் நீளவில்லை. சாந்தாமணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாஸு கண்ணு," என்றார். அக்கா சிரித்தார். பத்தாம் நாள் போய்விட்டார்.

மருந்து கொடுத்தவர்களுக்கும், தூக்கிப் படுக்க வைத்தவர்களுக்கும், ஜெபித்தவர்களுக்கும், உண்மையைச் சொன்ன அந்த ஐவருக்கும் எங்கள் நன்றி.

அச்சுக்குப் போகுமுன் இக்கட்டுரையைச் சாந்தாமணியம்மாவிடம் கொடுத்தேன். ஒரே ஒரு வரியில் அம்பு ஒட்டித் தந்தார். அக்கா அழுதது ஒரே நாள்தான் என்று எழுதியிருக்கிறேனே, அங்கே.

"மேசைக்கடியில குனிஞ்சுக்கிட்டு எத்தன நாள் அழுதுதுன்னு உனக்கெங்க தெரியும், சாமி?"

தெரியாது. அந்த வரியை மாற்றாமல் விட்டிருக்கிறேன். பழுது என்னுடையது.