யூலிற்றாவின் காபரேற்றர்

முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்கும் பெண்களில் கார் ஓட்டுபவள் யூலிற்றா ஒருத்திதான். பின் இருக்கையைக் கழற்றிய பழைய கார் அது. விடிந்ததும் மீன்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வற்றாப்பளைப் பக்கம் போவாள். புருசன் அருளப்புவின் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பழகியவள் என்பதால், காரின் சின்னப் பழுதுகளையும் வீட்டு முற்றத்திலேயே பார்த்துக்கொள்வாள்.

வைகாசியில் கார் குழப்படி பண்ணத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றுமில்லை. சந்தியில் நிறுத்தினால் எஞ்சின் காய்ச்சல்காரன்போல நடுங்கி, நின்றேவிடும்.

தம்பி துசியந்தனைக் கூப்பிட்டாள். அவனும் இதே மாதிரிக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுபவன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது அவள் கைவிடாமல் இழுத்து வந்த பிள்ளை. கார் விசயத்தில் அவன் சொன்னதுதான் அவளுக்கு வேதம்.

"பிளக்கை மாத்துங்கோ அக்கா" என்றான். மாற்றினாள். அடுத்த கிழமை வயர் என்றான். அதையும் மாற்றினாள். மூன்றாம் தரம் வந்தவன் நெடுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "எஞ்சின் முடிஞ்சுது. வித்துப்போடுங்கோ, நான் ஆள் பாக்கிறன்" என்றான்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் பின்னேரம் எஞ்சினை ஓடவிட்டு, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரைச் சுற்றித் துப்புரவாக்கும் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விசிறினாள். அடிப்பக்கத்தில் மாற்றமில்லை. எக்ஸிலேற்றர் கம்பி இழுக்கும் தண்டின் ஓரத்தில் பட்டதும் எஞ்சின் உறுமி எழுந்து அடங்கியது. தண்டு ஆடித் தேய்ந்த துளையால் காற்று இழுக்கிறது. ஆனால் ஒரே மாதத்தில் இவ்வளவு தேயுமா?

காபரேற்றரைக் கழற்றிக் கையில் எடுத்தாள். போன வருசம் அதன் மூடியில் ஒரு ஆணி புரி போனதால், படகிலிருந்த பித்தளை ஆணி ஒன்றைப் பூட்டியிருந்தாள். இதில் எல்லாமே இரும்பாணி. இது அவளுடைய காபரேற்றரே இல்லை.

நிலத்தில் குந்திவிட்டாள். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு ஆட்கள் ஏற்றவென்று துசியந்தன் இரண்டு நாள் காரை வாங்கிப்போயிருந்தான். கழுவித் துடைத்துத்தான் திருப்பித் தந்தான்.

திரும்பப் பூட்டி, நடுங்குகிற காரை அவன் வீட்டுக்கு ஓட்டிப்போனாள்.

"உன்ர காரின்ர பொனற்றைத் திற."

"ஏனக்கா?"

"திற."

எஞ்சின் மூடியைத் திறந்தான். பித்தளை ஆணி தெரிந்தது. அவன் நிலத்தைப் பார்த்தான்.

"கேட்டிருந்தாத் தந்திருப்பனேயடா."

"தெரியும். எத்தினை தரம்தான் உங்களிட்டக் கேக்கிறது? வெக்கமாக் கிடந்தது."

"அது சரி. பிறகு மூண்டு தரம் வந்து காது குடுத்துக் கேட்டியே, அது என்னத்துக்கு?"

குசினி வாசலில் நின்ற அவன் மனைவி பிரேமினிதான் சொன்னாள்: "வவுனியாவில ஒராளுக்கு உங்கட காரைச் சாமான் சாமானாக் கழட்டிக் குடுக்கக் கதைச்சு வைச்சிருக்கிறார் மச்சாள். நான் வேண்டாமெண்டனான்."

யூலிற்றா ஆணி கழற்றும் தன் சாவிகளை எடுத்து, அவன் காரிலிருந்து தன்னுடையதைக் கழற்றித் தன் காரில் பூட்டினாள். இடையில் அவன் ஒரு சாவியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவனுடையதைப் பழந்துணியில் சுற்றிப் பிரேமினியின் கையில் கொடுத்தாள். கார் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அக்கா" என்றான் துசியந்தன்.

அவள் காரை எடுத்துவிட்டாள்.

வீட்டில் அருளப்பு வலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "சத்தம் நல்லாக் கிடக்கு. என்னவாம் பிழை?"

"காத்து இழுத்தது" என்றாள்.

"துசி கண்டுபிடிச்சவனோ?"

அவள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அவன் இன்னொரு தரம் கேட்டான். வாளி கிணற்றுக்குள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.